வெளிச்சம் இடப்பக்கம்

போன மாதம் ஒரு பத்திரிகையில் அவரைப் பற்றி இரண்டு பத்தி வந்திருந்தது. 'இருளின் ஓவியர்' என்று தலைப்பு. குடிசை இருட்டையும் பெண்ணின் துயரத்தையும் கருப்பு வண்ணத்தில் இறக்கி வைத்துவிட்டு எங்கோ காணாமல் போய்விட்டாராம். செம்பூரில் ரயிலுக்கு நின்றுகொண்டு போனில் அதைப் படித்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு, உட்காருகிறீர்களா என்று கேட்டாள். அவர் காணாமல் போகவும் இல்லை, ஒன்றும் இல்லை. கோவண்டியில் தம்பியின் புதுப் பட்டறைக்கு மேலே இருக்கிறார். செம்பூருக்கு அடுத்த ஸ்டேஷன்.

எழுதிய ஆள் அவருடைய படத்தை நேரில் பார்த்திருக்கவே மாட்டார். பார்த்திருந்தால் இருள் என்ற சொல்லை எழுத அவருக்குக் கை வந்திருக்காது. எனக்குத் தெரிந்த மனிதர்களில் வெளிச்சப் பைத்தியம் என்று யாரையாவது சொல்லலாம் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் போட்டு எழுதியவர்கள் செய்த காரியமே போதும். தாராவியில் அவர் இருந்த சந்து முழுக்க அவரை ராத்தா என்றுதான் கூப்பிட்டது. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அப்படி ஒரு சொல். மாட்டுங்காவில் பாலக்காட்டுக் குடும்பத்தில் பிறந்த நானும் ஒரே வாரத்தில் ராத்தா என்று கூப்பிடப் பழகிவிட்டேன்.

ராத்தாவோடு காய்கறி வாங்கப் போனால் அரை நாள் போய்விடும். பல்புக்குக் கீழே வைத்திருக்கும் கத்திரிக்காயை வாங்க மாட்டார். கூடையோடு வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார். அவருக்கு நல்ல காயா சொத்தைக் காயா என்பது இரண்டாம்பட்சம். தோலில் வெளிச்சம் எப்படி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று பார்ப்பார். காய்காரி திட்டுவாள். ராத்தா காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

துணிக் கடையில் இன்னும் மோசம். பர்தா தைக்கத் துணி எடுக்க ஒருமுறை மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடைக்காரர் ஒரு துணியை எடுத்துப் போட்டார். ராத்தா அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் மடித்து, பிரித்து, சாய்த்துப் பார்த்துவிட்டு வேறு காட்டச் சொன்னார். பதினோரு துணி வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தது. எல்லாம் காலா, கருப்புத்தானே அம்மா, இதில் என்ன தேடுகிறாய் என்று கடைக்காரர் இந்தியில் சலித்துக்கொண்டார். ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார். இதில் அடியில் நீலம் ஓடுகிறது, இதில் சிவப்பு, இது இரண்டு துவைப்பில் பச்சையாகிவிடும், இது காய்ந்த தார் ரோடு, இது மழை பெய்த தார் ரோடு என்று தொட்டுத் தொட்டுச் சொன்னார். அந்தக் கடைக்காரர் அங்கே முப்பது வருஷமாகத் துணி கிழித்தவர். கடைசியில் அவரும் எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, விலையில் மட்டும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

நான் அப்போது கோட்டைப் பக்கம் ஒரு ஓவியக் கேலரியில் வேலை பார்த்தேன். அழைப்பிதழ் அனுப்புவது, வந்தவர்களுக்குக் காபி கொடுக்கச் சொல்வது, கேலரி நடத்துகிற மேடம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என் வேலை. ராத்தாவின் தம்பி தாராவியில் பெல்ட், பர்ஸ், பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். கேலரிக்குச் சில தோல் பைகள் அங்கே தைக்கக் கொடுத்திருந்தோம். தமிழ் தெரிந்தவள் என்று என்னை அனுப்பினார்கள். பைகள் மேலே இருக்கின்றன, போய்ப் பாருங்கள் என்று தம்பி இரும்பு ஏணியைக் காட்டினார்.

தோலை வெட்டினால் அதன் ஓரம் வெளுத்துத் தெரியும். அந்த ஓரத்துக்குக் கருப்பு அடிப்பது ராத்தாவின் வேலை. நான் ஏறியபோது மேல் அறையில் அவர் ஒரு பலகையின் முன்னால் குந்தியிருந்தார். மூன்றடிக்கு நாலடி பிளைவுட். முழுக்கக் கருப்பு. உழுத வயல்போல வரி வரியாக, விரல் தடிமனில் கருப்பு. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

"நின்னு பாத்தா என்ன தெரியும்? நடந்து பாருங்க" என்றார்.

மூன்றடி நடந்தேன். அந்த வரிகளில் வெள்ளி ஓட ஆரம்பித்தது. நான் நடக்க நடக்க அதுவும் நகர்ந்தது. எண்ணெய் வைத்து இறுக்கி வாரிய தலைமுடியில் வெயில் ஓடுவதுபோல மேலிருந்து கீழாக வழிந்தது. ஓரிடத்தில் சாம்பலாகவும், அடுத்த அடியில் நீலமாகவும், திரும்பி வந்தால் ஒன்றுமே இல்லாத கருப்பாகவும் இருந்தது. நான் ஐந்தாறு முறை போய்ப் போய் வந்தேன். கேலரியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவளுக்கு, படம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் ஒரு பிடி கிடைத்தது. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த அறைக்கு யார் ஏறி வந்தாலும் நடக்க வைப்பார். மீட்டர் பார்க்க வந்தவரை நடக்க வைத்தார். பள்ளிவாசல் தெருவிலிருந்து கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த அம்மாளை நடக்க வைத்ததில், அவர் பீரோவில் முட்டிக்கொண்டு நெற்றி வீங்கிப் போனார். பத்துக்குப் பத்து அறை அது. கூரைத் தகரத்தில் ஒரு இடத்தில் மட்டும் கண்ணாடிபோலத் தெரிகிற பிளாஸ்டிக் தகடு போட்டிருந்தது. அதன் வழியாகப் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை வெளிச்சம் இறங்கும். அந்த மூன்று மணி நேரம்தான் ராத்தா படம் போடுவார். இருபது வருஷம் பெல்ட் ஓரத்துக்குக் கருப்பு அடித்துக் காயவைத்தபோது, வரிசையாக அடுக்கிய ஓரங்களில் அந்த வெளிச்சம் படுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்ததாகச் சொன்னார். கருப்பு மையில் பசையும் மார்பிள் தூளும் குழைத்துப் பலகையில் அப்பி, உடைந்த சீப்பாலும் சுவருக்குப் பட்டி பூசுகிற தகட்டாலும் இழுப்பார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் படுத்து, பக்கவாட்டில் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் முழுவதையும் வழித்துவிடுவார்.

அந்த நேரத்தில் யாராவது சுவிட்சைப் போட்டுவிட்டால் தொலைந்தார்கள். பல்பு வெளிச்சம் என்பது சம்பளத்துக்கு வந்த ஆள் மாதிரி, எதையும் ஒன்றுபோலத்தான் பார்க்கும் என்பார். ஏன் கருப்பு மட்டும் என்று ஒருநாள் கேட்டேன். செவப்பு அடித்தால் எல்லாரும் செவப்பைத்தானே பார்ப்பார்கள் என்றார்.

ஒவ்வொரு பலகையின் பின்னாலும் பென்சிலால் ஒரு அம்பு போட்டு வைப்பார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டுமோ அந்தப் பக்கத்தைக் காட்டுகிற அம்பு. படத்துக்கு முன்னால் நிற்கிறவருக்கு அது எப்போதும் இடப்பக்கம். அவர் குந்தி உட்காரும்போது பிளாஸ்டிக் தகடு அந்தப் பக்கம்தான் இருந்தது.

இவ்வளவு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி வேலை செய்ய, பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி, என்ன துக்கம் உங்களுக்கு என்பதுதான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. புருஷன் தவறிவிட்டாரா என்று ஒரு கல்லூரிப் பெண் கண் கலங்கக் கேட்டாள். ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மனுஷர் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக், நேற்றுகூடப் போனில் சண்டை போட்டார், குரல் நல்ல திடமாகத்தான் இருந்தது என்று சொன்னார். அந்தப் பெண் அப்போதும் நம்பவில்லை. உள்ளே ஏதோ வலி இருக்கிறது என்று போகும்போது என்னிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் வீடு மட்டும் ஒசத்தியா? ராத்தா எனக்கு ஒரு சின்னப் படம் கொடுத்தார். பால்கனிக் கதவுக்கு வலப்புறச் சுவரில் மாட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "ஆத்துல கரியைப் பூசி மாட்டுவாளாடி? லட்சுமி எட்டிப் பாப்பாளா?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். கோவிலில் கருங்கல்லில் சாமியை வைத்து, எண்ணெயைத் தேய்த்து, விளக்கைக் காட்டி, அது மினுங்குகிறதைத்தானே வருஷம் பூரா கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்க்கிறாய், அது எந்த நிறம் என்று கேட்டேன். மறுநாள் படம் பரணுக்குப் போயிருந்தது.

மேடத்தை ராத்தாவிடம் அழைத்துப் போனது நான்தான். மேடம் அந்தச் சந்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏணியில் ஏறினார். நடந்து பார்க்கச் சொன்னதும் நடந்தார். அவருக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஏழு படங்களை வைத்துக் கண்காட்சி போடலாம் என்றார். ஏன் எல்லாம் இதே அளவு என்று கேட்டார். ஏணி ஓட்டை அவ்வளவுதான், அதைவிடப் பெரிதாகப் போட்டால் கீழே இறக்க முடியாது என்று ராத்தா சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். மேடம் அதைக் குறித்துக்கொண்டார்.

ராத்தா கேட்டது ஒன்றே ஒன்று. படங்களை ஜன்னல் இருக்கிற அறையில் மாட்ட வேண்டும், ஜன்னல் இடப்பக்கம் இருக்க வேண்டும், பகலில் மட்டும் திறந்திருக்க வேண்டும், விளக்குப் போடக் கூடாது. மேடம் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு, நிச்சயமாக என்றார். எங்கள் கேலரியில் கடலைப் பார்த்து நாலு பெரிய ஜன்னல் உண்டு. அதை நான் சொன்னபோது ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். வேலை தொடங்கி இத்தனை வருஷத்தில், மூன்று மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் விழுகிற இடத்தில் அவருடைய படம் ஒருநாளும் இருந்ததில்லை. காலையிலிருந்து சாயந்தரம்வரை அது என்னென்ன செய்யும் என்று அவருக்கே தெரியாது. அதைப் பார்க்கத்தான் அவர் அந்தக் கண்காட்சிக்குச் சம்மதித்தார். விற்கும் விலையைக்கூட அவர் கேட்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து மேடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து ராத்தாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். சுவரில் எழுதி வைக்கப் போகிற அறிமுகம். யாரோ வெளிநாட்டில் படித்தவர் இங்கிலீஷில் எழுதியது. காற்றும் ஒளியும் நுழையாத தாராவியின் இருட்டு, திரைக்குப் பின்னால் மூச்சுத் திணறும் ஒரு பெண்ணின் ஓலம், குடிசையின் குறுகலையே தன் அளவாகக் கொண்ட துயரம் என்று ஒரு பக்கம். ஏணி ஓட்டை துயரமாகிவிட்டது.

இதை நான் பட்டறையில் உட்கார்ந்து ராத்தாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். காகிதத்தை விரித்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். "நன்னா எழுதியிருக்கா ராத்தா. மேலேர்ந்து வர வெளிச்சத்தைப் பத்தி எழுதியிருக்கா" என்று ஆரம்பித்து, மீதியை நானே கட்டினேன். கருப்பில் வெளிச்சம் ஓடுகிறது, நடந்துகொண்டே பார்க்க வேண்டும், இப்படி. ராத்தா இரண்டாவது தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மனசு நோகாமல் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே சயான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். மேடத்திடம் போய், இதைச் சுவரில் ஒட்டக் கூடாது என்று சண்டை போட எனக்குத் துப்பில்லை. அதற்குக் கருணை என்று பெயர் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் திறப்பு. சனிக்கிழமை சாயந்தரம் படம் மாட்டினார்கள். போய்ப் பார்த்தால், நாலு ஜன்னலையும் கனமான துணி போட்டு மூடியிருந்தார்கள். இருட்டுக்குள் இருட்டைப் பார்க்கிற அனுபவமாம். ஒவ்வொரு படத்துக்கும் மேலே ஒரு விளக்கு. அதோடு போகவில்லை. மாட்டிய ஆட்களுக்குப் பெட்டியில் அம்பு இருந்தால் அந்தப் பக்கம் மேலே என்றுதான் தெரியும். பலகையின் பின்னால் இருந்த அம்பைப் பார்த்து, அதை மேலே வைத்து மாட்டிவிட்டார்கள். நெட்டையாக நிற்க வேண்டிய ஏழு படமும் குட்டையாகப் படுத்துக் கிடந்தன. மேடத்திடம் சொன்னேன். விலைப் பட்டியலிலேயே இப்படித்தான் அச்சாகியிருக்கிறது, கருப்புக்கு ஏது தலை, ஏது கால் என்று சிரித்தார். நானும் அதற்கு மேல் பேசவில்லை. ராத்தாவுக்கு அன்றைக்கே ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை.

ராத்தா அந்தப் புதுத் துணியில் தைத்த பர்தாவில் வந்தார். தம்பி மடிப்புக் கலையாத சட்டையில் கூட வந்தார். வெளியே பட்டப்பகல். உள்ளே கண் பழக ஒரு நிமிஷம் ஆனது. ராத்தா முதல் படத்திலிருந்து ஏழாவது படம்வரை மெதுவாக நடந்தார். திரும்பி நடந்தார். ஒவ்வொரு படத்திலும் விளக்கின் வெள்ளைப் பொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. வேறு எதுவும் நகரவில்லை. மூன்றாவது படத்துக்கு முன்னால் நின்று, தலையைத் தோள்மேல் சாய்த்துப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள், தன் படைப்பில் லயித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டார்கள். என் காதால் கேட்டேன்.

செம்பூரிலிருந்து பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழர் வந்திருந்தார். நல்ல மனிதர். ராத்தா சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, நான் சொல்றேம்மா என்று வந்து, வரி விடாமல் தமிழில் சொல்லிவிட்டார். இருட்டு, மூச்சுத் திணறல், ஓலம் எல்லாவற்றையும் சொன்னார். நான் நாலடி தள்ளி கையில் காபித் தட்டோடு நின்றேன்.

ராத்தா என்னைத் தேடித் திரும்பினார். "நீ படிச்சுக் காட்டுனது இது இல்லையே?" என்றார்.

"இல்லை ராத்தா."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. முதல் படத்திடம் போனார். இரண்டு கையாலும் பிடித்துக் கொக்கியிலிருந்து எடுத்து, முகத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, கீழே சாய்த்து வைத்தார். அடுத்ததற்குப் போனார். கனமான பலகைகள். தம்பி ஒன்றும் கேட்காமல் மறுபக்கம் வந்து பிடித்துக்கொண்டார். மேடம் ஓடி வந்து, ப்ளீஸ், விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்று இந்தியில் கெஞ்சினார். ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார். நாலாவது படம் திரும்பியபோது யாரோ கை தட்ட, இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எல்லாரும் தட்டினார்கள். கூசாமல் தட்டினார்கள். ராத்தா ஏழையும் திருப்பி முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இப்ப ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. இப்ப அவங்க எழுதுனது சரியாத்தான் இருக்கு. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். மேடம் என் முழங்கையைப் பிடித்தார். வாங்குகிறவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், நீ கூட்டி வந்த ஆள், நீயே சரி பண்ணு என்றார். மாட்டுகிற ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நான் தட்டைக் கீழே வைத்தேன். காவலாளியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, ஏழு படங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, மறுபடியும் சுவரில் மாட்டினேன். எப்படி மாட்ட வேண்டும் என்று அந்தக் கட்டடத்திலேயே தெரிந்தவள் நான் ஒருத்திதான். முன்பு இருந்தபடியே, அம்பு மேலே பார்க்க மாட்டினேன்.